பொழுதுபோகாத சீமாட்டிகளா?

ஃபிராய்டைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அன்னா ஓ என்ற பெயர் அடிக்கடி வரும். வியன்னா நகரத்து வசதியான யூதக் குடும்பத்துப் பெண். இருபத்தோரு வயதில், படுக்கையில் கிடந்த தகப்பனாருக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தாள். அந்த நாள்களில் அவளுக்குக் கை மரத்தது, பார்வை தடுமாறியது, தாய்மொழியான ஜெர்மன் நாவில் வராமல் போய் ஆங்கிலம் மட்டும் வந்தது. யோசெஃப் ப்ராயர் என்ற மருத்துவர் நாள்தோறும் வந்து அவள் சொல்வதைக் கேட்டார். பேசித் தீர்த்தாள், குணமானாள், அந்தப் பேச்சிலிருந்து உளப்பகுப்பாய்வு என்ற துறையே பிறந்தது. கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். சிலர் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: பிற்காலத்தில் சமூக சேவையில் ஈடுபட்டு மன அமைதி தேடிக்கொண்டாள்.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அந்தப் பெண்ணின் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1859இல் பிறந்து 1936இல் இறந்தவர். நோயாளியாகப் புத்தகத்தில் இடம்பெற்ற காலம் ஒன்றரை ஆண்டு. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அனாதை இல்லம் நடத்தினார், பெண்களைக் கப்பலேற்றி விற்ற கூட்டத்தை ஊர் ஊராகத் துரத்தினார், உச்சத்தில் சுமார் 50,000 உறுப்பினர் கொண்டிருந்த ஒரு பெண்கள் அமைப்பைக் கட்டினார். இவ்வளவையும் ‘மன அமைதி’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துவிட முடிகிறதென்றால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. பெண்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் பொதுவேலை எல்லாம் ஏதோ ஒன்றின் வடிகால் என்ற கருத்து அது. நோயின் வடிகால், அல்லது பொழுதுபோகாமையின் வடிகால், அல்லது தாயுள்ளத்தின் வடிகால். மூன்றாவதைப் பாராட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் மோசமானது அதுதான். இகழ்ச்சியாவது பதில் கேட்கும். பாராட்டோ வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். ஊற்றுத் தண்ணீர்போல இரக்கம் தானாகச் சுரக்கிறது என்று சொல்லிவிட்டால், அங்கே அறிவு எதற்கு, கணக்கு எதற்கு, சண்டை எதற்கு, அதிகாரம்தான் எதற்கு?

யூதப் பெண்களின் தொண்டு வரலாற்றை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்தக் கருத்து பொய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை என்பதே. 

1893 செப்டம்பரில் சிகாகோவில் கூடிய சர்வமத மகாசபையைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. சென்னை அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் பணம் திரட்டியதும், சுவாமி விவேகானந்தர் 11ஆம் தேதி மேடையேறியதும் நமக்குப் பாடப்புத்தகக் கதை. அதே சபையை ஒட்டி, அந்தச் சொற்பொழிவுக்குச் சில நாள் முன்பு, நான்கு நாள் இன்னொரு கூட்டம் நடந்தது. யூதப் பெண்களின் மாநாடு. அது தனியாக நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. யூத சமயத்தின் சார்பில் பங்கேற்கும் ஏற்பாட்டைச் செய்த ஆண்கள், ஹன்னா சாலமன் என்ற சிகாகோப் பெண்ணையும் அவர் தோழிகளையும் ஒத்துழைக்க அழைத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் பெண்களுக்கு எந்த இடம் என்று சாலமன் கேட்டார். பேசுவதற்கு இடமில்லை. வருவோரை உபசரிக்கலாம். இதைக் கேட்டதும் அவர் எழுந்தார். நாங்கள் ஒத்துழைக்கவில்லை, இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் வந்தோம் என்பதையே குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பிறகு ஊர் ஊராக யூத குருமாருக்குக் கடிதம் எழுதி, அங்கங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் பெயர்களைத் திரட்டினார். மாநாடு முடிந்தபோது யூதப் பெண்கள் தேசிய மன்றம் பிறந்திருந்தது. பத்தாண்டு கழித்து அந்த மன்றத்தின் ஆட்கள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் நின்றார்கள். ருஷ்யாவிலிருந்தும் போலந்துப் பகுதிகளிலிருந்தும் துணையில்லாமல் வந்து இறங்கும் இளம்பெண்களை, ‘உன் மாமா அனுப்பினார்’ என்று சொல்லி வரவேற்கக் காத்திருந்த தரகர்களுக்கு முன்பாகச் சந்திப்பது அவர்கள் வேலை. அந்தப் பெண்ணின் மொழியில் பேசுவார்கள், கொண்டுவந்த முகவரியைச் சரிபார்ப்பார்கள், சேர வேண்டிய இடம் சேர்ந்தாளா என்று பின்தொடர்வார்கள். காப்பி ஊற்றிக் கொடுக்கச் சொன்னபோது எழுந்துபோனவர்களின் வேலை இது. இதைத் தாயுள்ளம் என்று சொல்பவர், அந்த எழுந்துபோதலை எங்கே வைப்பார்?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஹீப்ரு மொழியில் ஏழைக்குக் கொடுப்பதை ‘ட்செதாகா’ என்பார்கள். நீதி என்பதற்கான வேர்ச்சொல்லிலிருந்து வந்த சொல் அது. கொடுப்பவரின் கருணையை அது குறிப்பதில்லை. கொடுக்காதவன் நீதி தவறியவன் என்று அதற்குள்ளேயே இருக்கிறது. நம்முடைய ‘தர்மம்’ என்ற சொல்லும் ஒருகாலத்தில் அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. இன்று கோயில் வாசலில் ‘தர்மம் போடுங்க சாமி’ என்ற குரலில் சில்லறைக் காசாகச் சுருங்கிப்போயிருக்கிறது. நான் பேசும் பெண்கள் அந்தப் பழைய வேரிலிருந்து பேசினார்கள். ரெபெக்கா கிராட்ஸ் 1819இலேயே பிலடெல்ஃபியாவில் ஏழை யூதக் குடும்பங்களுக்காகப் பெண்களே நடத்தும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1838இல் அங்கே ஞாயிறு சமயப் பள்ளி தொடங்கினார். பையன்களோடு பெண்பிள்ளைகளும் படித்தார்கள், பாடம் நடத்தியவர்களும் பெண்கள். சமயக் கல்வி ஆண் கையில் மட்டுமே இருந்த ஒரு மரபில் இது சிறிய காரியம் இல்லை.

பாப்பன்ஹைமிடம் திரும்புகிறேன். அவர் கதையை நிதானமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ப்ராயரின் சிகிச்சையில் அவர் குணமானார் என்பதே முழு உண்மையில்லை. 1882இல் அந்தச் சிகிச்சை முடிந்தபின் அவர் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கன் மருத்துவமனையில் இருந்தார் என்பதை, பல பத்தாண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் ஹென்ரி எல்லன்பெர்கர் ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தார். 1895இல் ப்ராயரும் ஃபிராய்டும் வெளியிட்ட நூலில் அது இல்லை. அப்படியானால் அவரைக் குணமாக்கியது எது? சமூகப் பணிதான் குணமாக்கியது என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் நான் எதிர்க்கும் கருத்தின் காலிலேயே விழுந்தவனாவேன். அப்போதும் அந்த வேலை அவருடைய மருந்தாகவே நிற்கும். கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்ட பெண்ணின் உயிராக அது ஆகாது.

1888இல் தாயோடு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். கிழக்கிலிருந்து அகதிகளாக வந்த யூதர்களுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியவர்களோடு சேர்ந்தார். 1895இல் யூதப் பெண்குழந்தைகளின் அனாதை இல்லத்தை ஏற்றுப் பன்னிரண்டு ஆண்டு நடத்தினார். இடையில், 1899இல், மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பொழுதுபோகாத சீமாட்டி செய்கிற வேலையா இது?

1903இல் அவர் காலீசியாவுக்குப் போனார். இன்றைய போலந்திலும் உக்ரைனிலும் பிரிந்து கிடக்கும் அந்தப் பகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசின் வறிய மூலை. அங்கிருந்த யூத ஊர்களிலிருந்து இளம்பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். புவனோஸ் ஐரிஸிலும் கான்ஸ்டான்டினோப்பிளிலும் விபசார விடுதிகளில் இருந்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று வேர் வரை தோண்டிப் பார்த்து, மறு ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார். வறுமை என்று ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பையன்கள் சின்ன வயதிலேயே வேதப் பள்ளிக்குப் போனார்கள், பெண்பிள்ளைகளின் படிப்பைச் சமூகம் பொருட்படுத்தவில்லை. தொழிலும் தெரியாது, உலகமும் தெரியாது. அங்கே பல திருமணங்கள் சமயச் சடங்காக மட்டும் நடந்தன, அரசுப் பதிவேட்டில் ஏறவில்லை. நல்ல உடை உடுத்திய ஒருவன் வருவான், சீர் வேண்டாம் என்பான், இரண்டு சாட்சிகளை வைத்துத் தாலி கட்டுவதுபோல மோதிரம் போடுவான், அழைத்துப் போவான். சட்டத்தின் கண்ணில் அவள் யாருக்கும் மனைவியில்லை. கணவன் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கோ வேறொரு விலங்கு. அவன் கையால் விலக்குப் பத்திரம் தராதவரை சமயச் சட்டப்படி அவள் மறுமணம் செய்ய முடியாது. வாழாவெட்டியாக நிற்கும் அவளுக்குத் தரகன் வழிகாட்டுவான்.

இந்த விவரங்களை அச்சில் போட்டபோது அவருக்குச் சொந்தச் சமூகத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. தரகர்களில் யூதர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு யூதப் பெண்ணே சொல்லலாமா? யூத வெறுப்பாளர்களுக்கு அவல் கொடுத்ததாகாதா? இந்தப் பயம் பொய்ப் பயமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பாப்பன்ஹைம் பின்வாங்கவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடிவைப்பவர்கள், விற்கப்படும் பெண்ணின் உடம்பை வைத்து அந்த மானத்தைக் காக்கிறார்கள் என்பதே அவர் நிலை. குருமார்களிடம் நேரே போய் விலக்குச் சட்டத்துக்கு வழி தேடச் சொன்னார். பால்கன் நாடுகள், துருக்கி, எகிப்து, ஜெருசலேம் என்று அலைந்தார். விடுதிகளுக்குள்ளேயே போய்ப் பெண்களிடம் பேசினார். அந்தப் பயணத்தில் எழுதிய கடிதங்களைப் பின்னாளில் நூலாக்கியபோது அதற்கு ‘சிசிஃபஸின் வேலை’ என்று பெயர் வைத்தார். மலைமேல் உருட்டிய பாறை திரும்பத் திரும்ப உருண்டுவிழும் என்று தெரிந்தே உருட்டியவர்.

1904இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார். 1907இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே நொய்-இசன்பர்க்கில் ஓர் இல்லம் திறந்தார். மணமாகாமல் கருவுற்ற பெண்கள், அவர்கள் பெற்ற குழந்தைகள், விற்பனையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அது வீடு. ஒழுக்கக்கேட்டுக்கு ஊக்கம் தருவதாகச் சொல்லி ஆசாரமானவர்கள் முகம் சுளித்தார்கள். அவரோ ஆசாரத்தில் அவர்களுக்குச் சளைத்தவரில்லை. இல்லத்தில் ஓய்வுநாள் அனுசரிப்பு தவறாது, சமையலில் சமய விதி தவறாது. தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்திருந்ததுதான் அங்கே நடந்த புரட்சி.

இதற்கெல்லாம் அவர் சம்பளம் வாங்கவில்லை. சொந்தச் சொத்தில் வாழ்ந்தார். ஆனால் சம்பளமில்லாத வேலை என்றால் மனம்போனபடி செய்யும் வேலை என்று யாரும் அவர் முன்னால் சொல்லியிருக்க முடியாது. தொண்டு செய்பவருக்குப் பயிற்சி வேண்டும், பதிவேடு வேண்டும், தகவல் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். ஜெர்மனி முழுக்கச் சிதறிக் கிடந்த யூத அறநிலையங்கள் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்வதைக் கண்டித்து, ஒரே நடுவண் அமைப்பு வேண்டும் என்று எழுதினார், வாதாடினார். 1917இல் ஜெர்மன் யூதர்களின் மைய நலவாரியம் உருவானது. நாஜிகள் அழித்தபின் 1951இல் மீண்டும் எழுந்த அது இன்றும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இயங்குகிறது. இன்னொரு சண்டையும் உண்டு. 1919இல் ஜெர்மன் பெண்கள் நாட்டின் தேர்தலில் வாக்களித்துவிட்டார்கள். ஆனால் பல ஊர்களில் யூதப் பெண் தன் சமூக சபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அந்தச் சபையின் ஏழைகளுக்குச் சோறு போடுவது அவள், அந்தச் சபையின் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிப்பது அவன். பாப்பன்ஹைமின் கூட்டமைப்பு இந்த அநியாயத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியது, நகரம் நகரமாக வாக்குரிமையைப் பெற்றது.

இதுவரை நான் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டு வேறொரு பக்கத்திலிருந்து வருபவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். பெண்கள் இலவசமாகச் செய்தால் அரசு தன் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ளும், சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டிய இன்னொரு பெண்ணின் வாயிலும் மண் விழும் என்பது அவர்கள் வாதம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்பே இதைத் தீர்மானமாகப் பேசியது. சமூகத்தை மாற்றும் போராட்டத்துக்கு உழைப்பைக் கொடு, ஓட்டையை அடைக்கும் சேவைக்குக் கொடுக்காதே என்றது. நம் இடதுசாரி நண்பர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: தொண்டு புண்ணுக்குப் போடும் கட்டு, நோய் உள்ளேயே இருக்கும்.

இந்த வாதம் சேவை வேறு, மாற்றம் வேறு என்று கோடு போடுகிறது. அந்தக் கோடு வரலாற்றில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 

1893. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் குடியேறிய யூதப் பெண்களுக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுக்கிறார் லில்லியன் வால்ட் என்ற இருபத்தாறு வயது செவிலி. படுக்கை விரிப்பது எப்படி என்பது அன்றைய பாடம். ஒரு சிறுமி வந்து, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வாருங்கள் என்கிறாள். சேறும் குப்பையும் கடந்து ஒரு பின்கட்டு மாடிக்குப் போகிறார். ஏழு பேர் குடும்பம், இரண்டு அறை, அதற்குள்ளும் வாடகை கொடுத்துத் தங்கும் வெளியாட்கள். பிள்ளை பெற்ற தாய் இரண்டு நாளாக இரத்தம் தோய்ந்த படுக்கையில் கிடக்கிறாள். வால்ட் அவளைக் குளிப்பாட்டினார், படுக்கையை மாற்றினார், அறையைக் கழுவினார். இது சேவை. அன்றோடு மருத்துவக் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, தோழி மேரி ப்ரூஸ்டரோடு அதே பகுதிக்குக் குடிபோனார். ஹென்றி தெருவில் அவர் நிறுவிய மனையிலிருந்து செவிலியர் வீடு வீடாகப் போனார்கள். பிச்சை என்று நோயாளி கூசக் கூடாது என்பதற்காக, முடிந்தவரிடம் சில காசு வாங்கினார்கள், முடியாதவரிடம் வாங்கவில்லை. 

கண் நோயும் தோல் நோயும் வந்த பிள்ளைகளைப் பள்ளி மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மருந்து போட ஆளில்லை, பிள்ளை வாரக்கணக்கில் தெருவில் நிற்கும். 1902இல் வால்ட் தன் செவிலியரில் ஒருவரான லீனா ராஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதம் சோதனையாக அனுப்பினார். பள்ளியிலேயே மருந்து போட்டு, வீட்டுக்கும் போய்ப் பார்த்துவந்தார் அவர். ஓராண்டுக்குள் நோய் காரணமாக வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஒரு மாதச் சோதனை முடிந்ததுமே நகராட்சி கண்ணைத் திறந்து, சம்பளம் கொடுத்துப் பள்ளிச் செவிலியரை நியமித்தது. நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை சாகின்றன, எத்தனை ஆலையில் வேலை செய்கின்றன என்று பார்க்க அரசில் ஒரு துறையே இல்லையே என்று வால்டும் சீர்திருத்தவாதி ஃப்ளாரன்ஸ் கெல்லியும் கேட்ட கேள்வியிலிருந்து, 1912இல் அமெரிக்க மைய அரசின் குழந்தைகள் நலப் பணியகம் வந்தது.

இரத்தம் துடைத்த கைதான் சட்டத்தையும் கேட்டது. துடைக்காத கைக்கு எந்தச் சட்டத்தைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. சம்பளமில்லாத பெண் சம்பள வேலையைப் பறித்தாள் என்கிறீர்கள். பள்ளிச் செவிலி என்ற சம்பள வேலையே அவளுடைய சோதனையிலிருந்துதான் பிறந்தது.

இந்தப் பெண்களுக்குக் குறை இல்லையா? உண்டு. அதை மறைத்தால் நானும் பூச்சூட்டும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவேன். முன்பே வந்து வசதியான ஜெர்மன் யூதப் பெண்கள், பின்னால் வந்த கிழக்கத்திய யூதப் பெண்ணின் பேச்சையும் உடையையும் தாழ்வாகப் பார்த்தார்கள். நொய்-இசன்பர்க்கில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் பெரும்பாலும் வீட்டுவேலைதான். விற்கப்படாமல் காத்த பெண்ணை வேலைக்காரியாக ஆக்கினால் போதுமா என்ற கேள்விக்கு பாப்பன்ஹைமிடம் நல்ல பதில் இல்லை. அவருடைய பெரிய பிழை வேறொன்று. 1932இல் பெர்லினில் யூத குரு ஒருவரின் மனைவியான ரெக்கா ஃபிரையரிடம் ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். யூதர் என்பதால் வேலை போய்விட்டது, என்ன செய்வது என்றார்கள். இளையோரைக் கூட்டமாகப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பும் திட்டத்தை அவர் வகுத்தார். அந்தக் குடியேற்றத்தின் அரசியல் பற்றி எனக்குக் கடுமையான கேள்விகள் உண்டு, அது வேறு விவாதம். ஆனால் ஜெர்மனியில் என்ன வரப்போகிறது என்பதை ஃபிரையர் பார்த்தார். சமூகத்தின் பெரியவர்கள் அவரை எரிச்சலோடு ஒதுக்கினார்கள். அமெரிக்க யூதப் பெண் தலைவர்களில் ஒருவரான ஹென்ரியெட்டா சோல்டுகூட முதலில் மறுத்துப் பிறகுதான் பொறுப்பை ஏற்றார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்புவதை பாப்பன்ஹைம் எதிர்த்தார். 1935இன் நூரம்பர்க் சட்டங்களுக்குப் பிறகுதான் மனம் மாறினார். போர் தொடங்குமுன் அந்தத் திட்டத்தால் வெளியேறிய இளையோர் சுமார் 5,000 பேர்.

தவறு செய்தார்கள், ஒருவரோடொருவர் மோதினார்கள், ஒருவர் கண்டதை இன்னொருவர் காணவில்லை. இரக்கத்துக்குள் இப்படிக் கருத்து வேறுபாடு வராது. கொள்கையும் கணிப்பும் திட்டமும் உள்ள இடத்தில்தான் வரும். அமைச்சரவைகளில் நடந்தால் அரசியல் என்று எழுதும் வரலாறு, பெண்கள் சங்கத்தில் நடந்தால் ஏன் எழுதாமல் விடுகிறது?

எல்லாவற்றிலும் கடினமான சாட்சியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1939 செப்டம்பரில் வார்சாவை விட்டுப் போக இருந்த எழுத்தாளர் ரேச்சல் அவுர்பாக்கை வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் தடுத்து நிறுத்தி, ஒரு பொதுச் சமையலறையை நடத்தச் சொன்னார். லெஷ்னோ தெரு 40ஆம் எண். நகரத்து யூதர்களை நாஜிகள் சுவருக்குள் அடைத்தபின் அந்தக் கஞ்சிதான் பலருக்கு நாளின் ஒரே உணவு. அவுர்பாக் அதை நடத்திக்கொண்டே ரிங்கல்ப்ளூமின் இரகசிய ஆவணக் குழுவுக்காக எழுதினார். யார் வருகிறார்கள், போன வாரம் நடந்து வந்தவருக்கு இந்த வாரம் கால் எப்படி வீங்கியிருக்கிறது, யார் வரவில்லை என்று எழுதினார். எழுதிய முடிவு கொடுமையானது. இந்தக் கஞ்சியால் ஒருவரையும் நாம் சாவிலிருந்து காப்பாற்றவில்லை, சாவைத் தள்ளித்தான் போட்டிருக்கிறோம் என்றார்.

பார்த்தாயா, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று என் எதிர்வாதி சொல்லக்கூடும். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு வந்தது என்று நான் கேட்கிறேன். அகப்பையைக் கையில் பிடித்து நின்றவருக்கு வந்தது. வெளியே நின்று தொண்டு வீண் என்று சொல்பவர் கோட்பாடு சொல்கிறார். அவுர்பாக்கோ பெயர் தெரிந்த மனிதர்களை எண்ணிச் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாள் காலை அடுப்பையும் மூட்டினார். அந்தக் குழுவில் சுமார் அறுபது பேர் இருந்தார்கள், உயிர்பிழைத்தவர் மூவர், அவுர்பாக் அவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் இடிபாடுகளுக்குள் புதைத்த ஆவணத்தைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1946 செப்டம்பரில் தகரப் பெட்டிகளும் 1950 டிசம்பரில் பால் கேன்களும் மண்ணிலிருந்து வெளிவந்தன. வார்சா யூதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அவர்கள் எழுத்திலேயே உலகம் படிப்பதற்கு, கஞ்சி ஊற்றிய ஒரு பெண்ணின் பிடிவாதமும் ஒரு காரணம்.

பாப்பன்ஹைம் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1936 ஏப்ரலில், புற்றுநோயோடு இருந்தவரை கெஸ்டாபோ விசாரணைக்கு அழைத்தது. மே மாதம் இறந்தார். 1938 நவம்பர் 10ஆம் தேதி நொய்-இசன்பர்க் இல்லத்தின் முதன்மைக் கட்டடத்தைத் தீவைத்துக் கொளுத்தினார்கள். கூட்டமைப்பைக் கலைத்தார்கள். 1942இல் இல்லத்தில் மிஞ்சியிருந்தவர்களை தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு ஏற்றிப்போனார்கள். அவருக்குப் பின் கூட்டமைப்பின் சுமையைத் தாங்கிய ஹன்னா கார்மின்ஸ்கியை அதே ஆண்டு டிசம்பரில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை.

1953இல் ஃபிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ், அன்னா ஓ என்பது பாப்பன்ஹைம்தான் என்று வெளியிட்டார். அதுவரை அவரைத் தலைவியாக அறிந்தவர்கள் அறிந்தார்கள். அதன் பிறகு உலகம் அவரை நோயாளியாக அறிந்தது. தன் கல்லறைக்கு வருபவர்கள் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டுப் போகட்டும், பெண்களுக்கான பணியைத் தொடர்வோம் என்ற மௌன வாக்குறுதியாக அது இருக்கட்டும் என்று அவர் தன் உயிலில் கேட்டிருந்தார்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய்க் கல் வைக்க நம்மில் பலருக்கு முடியாது. ஃபிராய்டைத் தமிழில் எழுதுகிறவர்களிடமும் மொழிபெயர்க்கிறவர்களிடமும் வகுப்பில் சொல்லித்தருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அன்னா ஓ என்று எழுதும்போது பக்கத்தில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்று எழுதுங்கள். 1904 என்றும் 1907 என்றும் 1917 என்றும் எழுதுங்கள். ‘மன அமைதி தேடிக்கொண்டாள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள்.